இரண்டு மிஸ்டு கால்

துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் அந்த அறைக்கு வந்த முதல் நாளே சோலையப்பனுக்கு ‘நேபாளி’ என்று பெயர் விழுந்துவிட்டது. இடுங்கிய கண், மீசை சரியாக முளைக்காத முகம், மஞ்சள் பாய்ந்த நிறம். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, “குடிக்கிற தண்ணி எங்கிட்டுண்ணே பிடிக்கிறது?” என்று அவன் கேட்டபோது, மேல் கட்டிலில் படுத்திருந்த மணிகண்டன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். மணிகண்டனுக்கு அறந்தாங்கிப் பக்கம். அவனுடைய பெரியப்பா பேசுகிற தமிழை அப்படியே ஒரு நேபாளி பேசினால் தூக்கிவாரிப் போடாமல் என்ன செய்யும்?

“எந்த ஊரு மாப்ள நீயி?”

“மோரே.”

“அது எந்தத் தாலுகா?”

“தாலுகாவா? மணிப்பூர்ண்ணே. பர்மா பார்டரு.”

“அந்தக் காட்டுல எப்புடிய்யா தமிழ் ஆளு வந்தீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சோலையப்பனுக்கு வாய் தேய்ந்திருந்தது. அவன் தாத்தா ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அறுபதுகளில் அங்கே ராணுவம் ஆட்சிக்கு வந்து, கடை கண்ணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, கட்டின துணியோடு கப்பலேற்றி அனுப்பியது. தமிழ்நாட்டில் கொண்டுபோய் முகாமில் போட்டார்கள். பிழைப்பும் கிடைக்கவில்லை, மனசும் ஒட்டவில்லை. செத்தாலும் பர்மாவில் சாவோம் என்று ஒரு கூட்டம் ரயிலேறியும் லாரியேறியும் கடைசியில் நடந்தும் மணிப்பூர் வழியாகத் திரும்பிப் போனது. எல்லையில் துப்பாக்கியைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். முன்னால் போக விடவில்லை, பின்னால் போகத் தெம்பு இல்லை. பர்மாவுக்குப் புறப்பட்டவர்கள் பர்மாவுக்கு முந்தின ஊரில் உட்கார்ந்துவிட்டார்கள். மோரே தமிழர்களின் சரித்திரம் என்பது இவ்வளவுதான்.

உட்கார்ந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கோயில் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், பர்மிய ஆட்களோடு மூங்கில் வேலி வழியாகப் பண்டம் மாற்றி வியாபாரத்தைப் பெருக்கினார்கள். கொஞ்ச காலத்தில் மோரே என்றாலே சந்தை, சந்தை என்றாலே தமிழன் என்று ஆயிற்று. ஆனால் இம்பால் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அவர்கள் எப்போதும் ‘மயாங்’தான். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவன் என்று அர்த்தம். அங்கேயே பிறந்து, அங்கேயே ஓட்டுப் போட்டு, மூன்றாவது தலைமுறையாக அந்த மழையிலேயே நனைந்த சோலையப்பனைக்கூடப் பள்ளியில் பையன்கள் மயாங் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்காக அவன் மூக்குகளை உடைத்திருக்கிறான், அவன் மூக்கும் உடைந்திருக்கிறது.

அரசாங்கம் அந்த ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். பழைய மாவட்டத்தைப் பிரித்துத் தெங்னௌபால் என்று புது மாவட்டமே கொடுத்தது. போர்டு வந்தது, ஜீப் வந்தது, கலெக்டர் வந்தார். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கத் தெரிந்த ஒரு டாக்டர்தான் வரவில்லை. தென்கிழக்கு ஆசியாவின் வாசல் என்று மலைப் பாதையில் ஆளுயரத்துக்கு விளம்பரம் வைத்தார்கள். அந்த வாசலுக்குப் போகிற ரோடு ஒவ்வொரு மழைக்கும் சரிந்தது. இங்கிருந்து தாய்லாந்து வரைக்கும் நெடுஞ்சாலை வரப்போகிறது என்று சோலையப்பன் சின்னப் பையனாக இருந்தபோதே கேட்டிருக்கிறான். அது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கொரோனா வந்தபோது எல்லைக் கதவைப் பூட்டினார்கள். கொரோனா போவதற்குள் அந்தப் பக்கம் பர்மாவில் ராணுவப் புரட்சி வந்தது, பூட்டு அப்படியே தொங்கியது. சந்தை செத்தது. பர்மியப் போர்வையும் சீன டார்ச் லைட்டும் விற்ற சோலையப்பன் கடையை மூடிவிட்டு, கனரக லைசென்ஸை எடுத்துக்கொண்டு அஜ்மான் வந்து பஸ் டிரைவர் ஆனான். விடியும் முன் அஜ்மானில் ஆட்களை ஏற்றி, துபாயில் சைட்டில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகிற வேலை. தம்பி பாஸ்கர் மட்டும் ஊரில் ஒரு பொலீரோவை வைத்துக்கொண்டு மோரேக்கும் இம்பாலுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஊரில் சோலையப்பன் விட்டுவிட்டு வந்தது கடையை மட்டுமல்ல, நெங்போயையும்தான். அவள் மலையில் பிறந்த குக்கிப் பெண். சந்தைக்கு இஞ்சி கொண்டுவருவாள். அவன் கடை வாசலில்தான் கூடையை இறக்குவாள். அவள் பாஷை அவனுக்குத் தமிழைவிடச் சரளம். தெருவில் விளையாடியது அதில், சண்டை போட்டது அதில், கடைசியில் காதலித்ததும் அதில்தான். கோயிலில் வைத்துத் தாலி கட்டியபோது, பூசாரி வாயில் நெங்போய் நுழையாமல் சீதாலட்சுமி என்று ஒரு பெயர் வைத்தார். ஆதாரிலும் அதுவே ஏறியது. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பியே பார்க்கமாட்டாள்.

தனியாக இருக்கும்போது அவனும் அவளும் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. போனிலும் அப்படியே. “மாப்ள, நீ கொஞ்சுறியா வையிறியான்னே எங்களுக்குத் தெரியலியே” என்று மணிகண்டன் கேலி செய்வான். சோலையப்பன் சிரித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

முந்தின வருஷக் கடைசியில் லீவில் போய்விட்டு வந்தான். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. கல்யாணமாகி நாலு வருஷம் ஏங்கிய பிறகு வந்த பிள்ளை. ஏப்ரலில் பாஸ்கரும் அவன் மனைவி கனகாவும் அவளை இம்பாலுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை அடைத்துக் கிடக்கிறது, பிரசவத்தை மோரேயில் வைத்துக்கொள்ளவே கூடாது, ஆபரேஷன்தான், ரத்தம் தயாராக இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லி அனுப்பினார்.

மே மாதம் ஊர் பற்றிக்கொண்டது.

மலையில் இருக்கிற குக்கிகளுக்கும் பள்ளத்தாக்கில் இருக்கிற மெய்தெய்களுக்கும் மூண்ட தீ. மோரேயில் மெய்தெய் வீடுகள் எரிந்தன, இம்பாலில் குக்கி வீடுகள் எரிந்தன. யார் முதலில் கொளுத்தியது என்று கேட்டால் இரண்டு பக்கமும் தேதியோடு பதில் வைத்திருந்தார்கள். செத்தவர்கள் பதில் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் மலையில் ஒரு மெய்தெய் இல்லை, பள்ளத்தாக்கில் ஒரு குக்கி இல்லை. நடுவில், மலை இறங்கி சமவெளி தொடங்குகிற பல்லேல் என்ற இடத்தில், இரண்டு பக்கமும் ஆட்கள் மூங்கிலைப் போட்டுப் பாதையை மறித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்ப் பக்கத்து ஆள் மாட்டினால் உயிர் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு பக்கமும் போய்வர முடிந்தவர்கள் யார் என்றால், இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவர்கள்தான். பாஸ்கர் வண்டியின் முன்கண்ணாடியில் ஆங்கில எழுத்தில் பெரிதாகத் ‘தமிழ்’ என்று ஒட்டிக்கொண்டு, இம்பாலிலிருந்து அரிசியும் உருளைக்கிழங்கும் மருந்தும் ஏற்றி வந்தான். மறித்தவர்கள் எட்டிப் பார்த்து “மயாங்கா, போ” என்றார்கள். ஆயுசு முழுக்க அவமானப்படுத்திய சொல் அனுமதிச் சீட்டாக மாறிய கொடுமையை என்னவென்று சொல்ல!

“எங்க ஊர்ல பைக்குல ஒட்டுவாய்ங்க, சும்மா கெத்துக்கு” என்றான் மணிகண்டன். “நீங்க உசுருக்கு ஒட்டுறீங்களேடா.”

இன்டர்நெட்டை அரசாங்கம் அணைத்துவிட்டது. வீடியோ இல்லை, வாட்ஸப் இல்லை, வெறும் போன்தான். அதுவும் மலையில் டவர் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. வளைகுடாவில் பழைய ஆட்கள் செய்த காரியத்துக்கே திரும்பினான் சோலையப்பன். கட்டிடத்துக்குக் கீழே கடை வைத்திருந்த கீழக்கரை லுக்மான் காக்காவிடம் ஐ.எஸ்.டி. கார்டு வாங்குவான். ஊரிலிருந்து மிஸ்டு கால் வரும், இவன் திருப்பிக் கூப்பிடுவான்.

நாள் நெருங்க நெருங்க அறையில் வேறு பேச்சே இல்லை. நெங்போயை இம்பாலுக்குக் கொண்டுபோக வேண்டும். எப்படி? ராணுவ வண்டிகளோடு சேர்ந்து போகலாம் என்றார்கள். அந்த வண்டி இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வயிற்றில் இருப்பது தள்ளிப்போகுமா? மலை வழியாகவே இன்னொரு மலை ஊருக்குப் போனால், மழைக்காலத்தில் அது ரோடே அல்ல, சேறு. எல்லைக்கு அப்பால் பர்மாவில் இதைவிடப் பெரிய சண்டை. ஆகஸ்டில் ஒருநாள் அவளுக்கு லேசாக ரத்தம் பட்டது. மோரே நர்ஸம்மா கையைப் பிசைந்துகொண்டு, இனி ஒருநாளும் வைத்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அதை முன்பே யோசித்து, ஜூனிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்தவன் சோலையப்பன்தான். நெங்போய் தமிழச்சியாகப் போக வேண்டும். முகம் ஒரு பிரச்சினை இல்லை, மோரே தமிழர்களில் பாதிப் பேருக்குப் பர்மிய ரத்தம் கலந்த முகம்தான். ஆதாரில் சீதாலட்சுமி என்று இருக்கிறது. சேலை, பொட்டு, தாலி எல்லாம் கனகா பார்த்துக்கொள்வாள். பேச்சு மட்டும்தான் பாக்கி. “இனிமே போன்ல தமிழ்தான். ஒரு வார்த்தைகூட உன் பேச்சு பேசமாட்டேன். நீயும் பேசப்பிடாது” என்று சட்டம் போட்டான்.

நெங்போய்க்குத் தெரிந்ததெல்லாம் சந்தைத் தமிழ். அதை வைத்துக்கொண்டு புருஷனோடு குடும்பம் நடத்த வேண்டியிருந்தது அவளுக்கு.

“என்னைய நெனைச்சியா?”

“நெனைச்சேன். நிறைய. நல்ல சரக்கு.”

“மனுசனப் போய்ச் சரக்குங்கிறியே!”

“அப்ப நீயே சொல்லு. உன் தமிழ்ல நெனைப்பு எப்புடி இருக்கும்?”

மணிகண்டன் போனைப் பிடுங்கிக்கொள்வான். “தங்கச்சி, தமிழ் வரணும்னா முதல்ல வையக் கத்துக்கிடணும். அவனை நல்லா நாலு வார்த்தை வையி.” அந்தப் பக்கம் கனகா ஏதோ ஓதிக்கொடுப்பது கேட்கும். அப்புறம் நெங்போய் குரல் வரும்: “போடா நேபாளி.” அறையே அதிரும். அந்தச் சிரிப்புகளையெல்லாம் பின்னால் நினைத்துப் பார்க்கவே சோலையப்பனுக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கு ‘ங்க’ மட்டும் ஒட்டவே இல்லை. கணவனையும் நீ என்பாள், கோயில் பூசாரியையும் நீ என்பாள். கனகா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் இரண்டு மாதத்தில், வண்டியில் உட்கார்ந்து நாலு கேள்விக்குப் பதில் சொல்கிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் சோலையப்பன் தம்பியிடம் திட்டத்தைத் திரும்பச் சொன்னான்.

“மலை இறங்கினதும் ஒரு மிஸ்டு கால் விடு. அந்த ஆளுக மறிக்கிற எடம் எல்லாத்தையும் தாண்டினதுக்கப்புறம் ரெண்டு விடு. அடுத்தடுத்து ரெண்டு. அத பாத்தாத்தான் நான் கூப்பிடுவேன். அதுவரைக்கும் நான் கூப்பிடமாட்டேன், சத்தம் கேட்டு எவனாவது போனைப் புடுங்கிறப் போறான்.”

“சரிண்ணே.”

“அவகிட்ட குடு.”

நெங்போய் மெதுவாகப் பேசினாள். பயந்தால் அவள் குரல் இறங்கிவிடும்.

“நான் தாண்டினதும் நீ கூப்பிடுவ இல்ல?”

“கூப்பிடுவேன்.”

“அப்ப தமிழ் வேண்டாம். என் பேச்சு பேசு. ஒரு வார்த்தை போதும். ரெண்டு மாசமா நீ வேற ஆளு மாதிரி இருக்க. எனக்கு அழுகையா வருது.”

“பேசுறேன். தாண்டினதும் மொத வார்த்தையே உன் பேச்சுதான். சத்தியம்.”

மறுநாளைக்கு லீவு கேட்டிருந்தான். சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “லீவ் மாஃபி பாய், கிடையாது. பிள்ளை பெறப்போறது உன் பீவி, நீ இல்ல” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். லுக்மான் காக்கா மட்டும் கார்டைக் கொடுத்துவிட்டு, “அல்லா லேசாக்குவான், மனசத் தளரவிடாதீங்க தம்பி” என்றார்.

காலையில் பஸ் ஷார்ஜா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது. மலை இறங்கிவிட்டார்கள். அங்காளம்மா, அங்காளம்மா என்று வாய் முணுமுணுத்தது. அவள் சாமியையும் விடவில்லை, ஏசப்பா நீயும் பாத்துக்க என்றான். பின்னால் தூங்கிவழிந்த ஆட்களுக்கு டிரைவர் யாரோடு பேசுகிறான் என்று தெரியாது.

துபாயில் அல் கூஸில் ஆட்களை இறக்கிவிட்டு மணல் மைதானத்தில் பஸ்ஸை நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மணி ஒரு தடவை அடித்து நின்றது. தம்பி நம்பர். இன்னொரு தடவை அடித்து நின்றது.

இரண்டு. தாண்டியாச்சு!

பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினான். வெயில் அப்போதே சுள்ளென்று இருந்தது, அது அவனுக்கு உறைக்கவில்லை. கார்டு நம்பரை அழுத்தும்போது விரல் இரண்டு முறை தப்பியது. கடைசியில் மணி போயிற்று. எடுத்தார்கள். யாரும் ஹலோ சொல்லும்வரைகூட அவன் பொறுக்கவில்லை. அவள் பாஷையில், அவள் இஞ்சிக் கூடையை இறக்கின காலத்தில் பேசின அதே குரலில், “நெங், தாண்டிட்டியா! பயம் போச்சு. நீ கேட்டியே, இதோ உன் பேச்சுதான் பேசுறேன். பிள்ளை உதைக்குதா?” என்றான்.

மழைச் சத்தம் கேட்டது. பக்கத்தில் பலர் நிற்கிற அரவம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், போனுக்குள் அல்ல, யாரிடமோ, மெய்தெய் பாஷையில் கேட்டது. சோலையப்பனுக்கு அந்தப் பாஷையும் தெரியும், மோரேக்காரன் யாருக்குத்தான் தெரியாது!

“இதுதான் உங்க தமிழா?”

உடனே நெங்போய் பேசினாள். உரக்க, தடுமாறாமல், நல்ல தமிழில் பேசினாள்.

“தப்பு நம்பருங்க. நீங்க யாருங்க? இது என் வீட்டுக்காரர் இல்லீங்க.”

தொடர்பு அறுந்தது.

அவன் திரும்பத் திரும்ப அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று இந்தியில் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பஸ்ஸின் நிழலில் குந்தி உட்கார்ந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். வாய் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு பொத்தி என்ன புண்ணியம்?

பாஸ்கர் சாயங்காலம்தான் கூப்பிட்டான். காசைப் பார்க்காமல் அவனே நேராகக் கூப்பிட்டான். அதிலேயே சோலையப்பனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“அண்ணே, முதல் எடம் தாண்டியாச்சு. ரெண்டாவது எடத்துல நிப்பாட்டினாய்ங்க. மதினி நல்லா பதில் சொல்லிருச்சு. போகச் சொல்லிட்டாய்ங்க. அப்ப ஒருத்தன் வந்து, புருசன் எங்கன்னு கேட்டான். துபாய்னேன். போனைப் போடு, ரெண்டு பேரும் பேசுறத நாங்க கேக்கணும்னான். நீ தமிழ்தான் பேசுவேன்னு நான் தைரியமாத்தான் போட்டேன். ஒரு ரிங்கு போச்சு, டவர் இல்ல, கட்டாயிருச்சு. திரும்பப் போடுன்னான். அதுவும் ஒரு ரிங்கோட கட்டாயிருச்சு. அப்பத்தாண்ணே நீ கூப்பிட்ட. போனு அவன் கையில இருந்துச்சு. ஸ்பீக்கர்ல.”

திட்டம் போட்டது சோலையப்பன், கணக்கு வைத்தது அவன், சத்தியம் பண்ணியதும் அவன்தான். டவர் இல்லாத ஊருக்கு மிஸ்டு காலில் கணக்கு வைத்தவன் மடையன் இல்லாமல் யார்?

“அடிச்சாய்ங்களா?”

“இல்லண்ணே. கை வைக்கல. ஒரு வயசான பொம்பளை வந்து மதினி வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, விட்டுருங்கடான்னு கெஞ்சுச்சு. அந்தப் பயதான் முடியாதுன்னுட்டான். எங்க வீடு மோரேலதான் எரிஞ்சுச்சு, எங்கம்மாவ அப்ப யாரு விட்டான்னு கேட்டான். வண்டியத் திருப்பிவிட்டாய்ங்க. கண்ணாடியில ஒட்டியிருந்ததையும் கிழிச்சிட்டாய்ங்க. இனி உங்க ஆளுகளையும் நம்பமாட்டோம்னுட்டாய்ங்க.”

திரும்பி மலையேறும்போது ரத்தம் வந்திருக்கிறது. பாதி வழியில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. புல்டோசர் வரும்வரை வண்டி நின்ற இடம், வாசல் என்று எழுதி வைத்த அந்த விளம்பரத்துக்குக் கீழே. கனகா தன் சேலையையே அவிழ்த்துச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். மோரேக்கு வந்து சேர்ந்தபோது நர்ஸம்மா மட்டும்தான் இருந்தார். பிள்ளையை எப்படியோ உயிரோடு எடுத்துவிட்டார். ரத்தத்தை நிறுத்த அவர் கையில் ஒன்றும் இல்லை. ஏற்றவும் ரத்தம் இல்லை.

“பொம்பளைப் புள்ளண்ணே” என்று சொல்லிவிட்டுப் பாஸ்கர் ஓவென்று அழுதான். “மதினி கடைசி வரைக்கும் தமிழ்தாண்ணே பேசுச்சு. மோரேக்கு வந்துட்டோம், உன் பேச்சு பேசுன்னு கனகா சொல்லுது, அது கேக்கல. அண்ணன் மேல தப்பு இல்லன்னு சொல்லுங்கன்னு தமிழ்லயே சொல்லுச்சு.”

அவள் அம்மா வீட்டு ஆட்கள் வந்து மலைக்குத் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். சிலுவையில் நெங்போய் என்று எழுதினார்கள். பிள்ளை பெற லீவு தராத சூப்பர்வைசர், சாவுக்கு அன்றைக்கே லீவும் டிக்கெட்டும் தந்தான். சோலையப்பன் போகவில்லை. விமானம் இறங்குவது பள்ளத்தாக்கில். மோரேக்குப் போக அதே மூங்கிலைத் தாண்ட வேண்டும், அங்கே நின்று தமிழ் பேசிக் காட்ட வேண்டும். அவனால் ஆகாது என்றான். மணிகண்டன் திட்டிப் பார்த்தான், காலைப் பிடித்துக்கூடப் பார்த்தான். அவன் மறுநாள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனான். அறையில் அதன் பிறகு யாரும் அவனை நேபாளி என்று கூப்பிடவில்லை.

ஊரில் தமிழ் வண்டிகள் ஓடவில்லை. கொஞ்ச நாள் அரிசி இல்லை, மருந்து இல்லை. சோலையப்பன் செய்த வேலை என்று சங்கத்தில் பேசினார்கள். பேசட்டும். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாஸ்கர் கூப்பிட்டான். பிள்ளைக்கு நாலாவது மாதம். குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்கிறது, ஆளைப் பார்த்துச் சிரிக்கிறது என்றான்.

“மலையில இருந்து அது அம்மாச்சி இன்னும் வரலண்ணே. வீட்டுல நாங்க எல்லாம் தமிழ். அவ பேச்சு புள்ள காதுலயே விழல. நீ பேசுண்ணே. அவகிட்ட நீ பேசுவியே, அந்த மாதிரி ரெண்டு வார்த்தை. புள்ள கேக்கட்டும்.”

மணிகண்டன் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். போனிலிருந்து பிள்ளை ‘ங்கா’ என்று சத்தம் கொடுத்தது. சோலையப்பன் எழுந்து நின்றான். உதடு பிரிந்தது. அன்றைக்கு மணல் மைதானத்தில் சொன்ன வார்த்தைதான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது.

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?” என்று கேட்டான்.

“ஆமாண்ணே. புள்ள காதுகிட்ட வெச்சிருக்கேன். பேசு.”

“பக்கத்துல யாரு?”

“யாரு இருக்கா? நானும் கனகாவும்தான். கதவு சாத்தியிருக்கு.”

பிள்ளை மறுபடி சத்தம் கொடுத்தது. சோலையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அறிமுகமில்லாதவரிடம் பேசுகிற குரலில், நிறுத்தி நிறுத்தி, “அப்பா பேசுறேம்மா. நல்லா இருக்கியா?” என்று தமிழில் கேட்டான்.

“அவ பேச்சுல பேசுண்ணே” என்று பாஸ்கர் கெஞ்சினான்.

சோலையப்பன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“பாஸ்கரா, எதுக்கும் கதவத் தொறந்து ஒரு தடவை நல்லா பாத்துட்டு வா. வெளியில வேற யாரும் இல்லையே?”